டிக்கெட்டின் பின்பக்கம்

வேர்க்கிளம்பி இறக்கத்தில்
புதிதாய் வெள்ளையடித்த மூன்று மாடி.
வாசலில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு சறுக்கு.
அதற்கும் தனிக் காசு உண்டோ என்று
கால் வைக்குமுன் யோசித்தேன்.

ராணித்தோட்டம் டிப்போவில் இருபத்தொன்பது வருஷம்
கண்டக்டராக இருந்தவன்.
ஏறுகிறவர்களிடம் கேட்டுப் பழகியது ஒரே கேள்வி:
எங்க இறங்கணும்?
இங்கே அதை யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் ரெஜின்தாஸ் நல்ல பையன்.
தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் தொடங்கினார்.
முன்பணம் ஆறு லட்சம்,
அதில் மாதம் ஒரு சதவீதம் கழியும்.
நாலு வருஷம் உயிரோடிருந்தால்
ஏறக்குறைய பாதியைத் தின்றிருப்போம்.
இருவர் அறைக்கு மாதம் முப்பத்தோராயிரம்,
சாப்பாடு சேர்த்து.
மீன் வாரம் ரெண்டு நாள்.
சாளையா நெய்மீனா என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சேராதவை அடுத்த பக்கம், எறும்பு எழுத்தில்.
டயாபர், ராத்திரி ஆள், பிசியோ,
ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவருக்குப் படி.
வருஷா வருஷம் எட்டு சதவீத ஏற்றம்.
என் பென்ஷன் இருபத்தினாலாயிரத்துச் சொச்சம்,
கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால்
கை காட்டிக்கொண்டே ஓடிவரும் ஆள் மாதிரி.

ஓசூரிலிருந்து பெனிட்டா போனில்:
"எல்லாம் சேர்த்துதானாப்பா?"
"சேர்த்துதான் மோளே."
வில்லுக்குறி வீட்டைப் பற்றி அவள் பேசவில்லை.
ஏழு செண்ட். பேசாமல் இருக்கும்போதே
விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

சொர்ணபாய் பக்கத்தில் உட்கார்ந்து
மேசை விரிப்பின் ஓரத்தை உரித்தாள்.
அண்டியாபீசில் பருப்புத் தோல் உரித்த விரல்கள்.
ஆட்களை மறந்த பிறகும்
வேலையை மறக்கவில்லை அவை.
காலையில் என்னிடம் சொன்னாள்:
"கண்டக்டர் சாரே, தக்கலை வந்தா சொல்லணும்."
சொல்லுதேன் என்றேன்.

விதி பதினாலு:
இருவரில் ஒருவர் வெளியேறினால்
மற்றவர் முக்கால் வாடகை கட்டவேண்டும்,
அல்லது நாலுபேர் ஹாலுக்கு மாறவேண்டும்.

வெளியேறினால்.
பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு மேல்
சிவப்பில் எழுதியிருக்கும் ஒரு வழி.
என் சர்வீசில் யாரும் அதைத் திறந்ததில்லை.

நோட்டீஸ் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
நான் முந்தினால்
குடும்ப பென்ஷன் பன்னிரண்டாயிரம், இவள் ஹாலில்.
பக்கத்துக் கட்டில்காரியிடம்
தக்கலை வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டு.
இவள் முந்தினால்
முக்கால் வாடகை இருபத்திமூவாயிரத்து இருநூற்றைம்பது.
என் பென்ஷனுக்குள் அடங்குகிறது.
கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது, சாயாவுக்கு.

இடிக்காமல் நின்ற கணக்கு அது ஒன்றுதான்.
ரப்பர் இல்லை. எச்சில் தொட்டு அழித்தேன்.
தாள் கிழிந்தது.

"முன்பணத்தில மீதி எப்பம் கிடைக்கும்?"
"தொண்ணூறு நாளில் சார். வாரிசுகளுக்கு."

சில்லறை தட்டுப்பட்ட காலையில்
எத்தனை டிக்கெட்டின் பின்பக்கம்
மீதியைக் கிறுக்கிக் கொடுத்திருப்பேன்.
இறங்கும்போது வாங்கிக்கிடுங்க என்பேன்.
பாதிப்பேர் மறந்து இறங்கிப் போனார்கள்.
நான் விசில் ஊதினேனே தவிர
ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தோம்.
திரும்பும் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.
அவளுடைய சீட்டைப் புரட்டிப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
வெறுமையாக இருந்தது.

"தக்கலை வந்தாச்சா?"
"இல்ல, இன்னும் இருக்கு."
அவளைத் தாண்டி ஜன்னலில்
தக்கலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.